இருநூற்றுப் பதினான்காவது பதிவு

ஆகஸ்ட் 4, திங்கள்

என் வலைப்பூவில் மொத்தம் 214 பதிவுகள், 9 பக்கங்கள். ஆறு வருஷமாக எழுதுகிறேன். ஒன்றுக்காவது வகை போட்டேனா என்றால் இல்லை. எல்லாம் ‘பொது’ என்ற ஒரே சாக்கில் கொட்டிக் கிடக்கின்றன.

இன்று ரெஜினா மேடம் கூப்பிட்டார். மதுரையில் என் மகன் மாறனைப் பார்க்கும் ஒவ்வாமை டாக்டரிடம் உணவு ஆலோசகராக இருப்பவர்.

“கோமதி, இங்க வர்ற அம்மாமாருக்கெல்லாம் உங்க வலைப்பூவைத்தான் எழுதிக் குடுக்கேன். ஆனா திறந்தா ஒரே காடா இருக்கு. சட்னி எங்க, பள்ளிக்கூட டப்பா எங்கன்னு பிரிச்சு வைங்க. அழுற பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எவ இருநூத்திச் சொச்சத்தையும் தேடுவா?”

மாதக் கடைசிக்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டியில், நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பட்டது நாலு பேருக்கு உபயோகப்பட்டால் சரி.

மாறனுக்கு இந்த மாதம் மூன்று வயது முடிகிறது. விளையாட்டுப் பள்ளிக்கு இன்று இரண்டு தடவைதான் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பென்சிலால் கட்டம் போட்டேன். முதலில் இரண்டே பெரிய வகை. ‘பழைய சமையல்’: மாறனுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்று தெரிவதற்கு முன்னால் நான் எழுதியவை. எதில் வேண்டுமானாலும் கடலை இருக்கும். ‘கடலை இல்லாதவை’: அதற்குப் பின்னால் எழுதியவை. இரண்டாவதற்குக் கீழே துணை வகைகள்: காலைப் பலகாரம், சட்னி, பொடி, பள்ளி டப்பா, பிறந்தநாள், பிரயாணம்.

ஒரு பதிவுக்கு ஒரு வகைதான் என்று விதி வைத்திருக்கிறேன். அப்போதுதான் கடைசியில் கூட்டினால் மொத்தம் சரியாக வரும். விதி வைத்த பத்தாவது நிமிஷமே எள்ளுருண்டை வம்பு செய்தது. பலகாரமா, டப்பாவா? டப்பாவில் போட்டேன்.

பக்கங்களுக்கு வகை கிடையாதாம். ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்துக்குக் கீழே பிள்ளை மாதிரி உட்காரவைக்கலாம், அவ்வளவுதான். ‘கடையில் வாங்கும்போது’ என்ற பக்கத்துக்குக் கீழே பிஸ்கட் பக்கத்தையும் எண்ணெய்ப் பக்கத்தையும் வைத்தேன். பார்க்க அடக்கமாக இருக்கிறது.

இன்று 31 பதிவுகள் முடிந்தன.

ஆகஸ்ட் 6, புதன்

என் வீட்டுக்காரர் மணியின் கைபேசிக்கு ஒரு பத்திரிகை வந்திருக்கிறது. அவருடைய அக்கா செல்வி புது வீடு கட்டி முடித்துவிட்டாளாம். 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறாள். ‘குடும்பத்துடன்’ என்று இருக்கிறது. அச்சடித்த வரி, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

“போகணும்ல?” என்றார் மணி. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. நானும் பிள்ளையும் வரல.”

“ரெண்டு வருசம் ஆச்சு கோமதி.”

“ரெண்டு வருசம் ஆனா கடலை, கடலை இல்லைன்னு ஆயிருமா?”

அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

இதை எழுதித்தான் வைக்கிறேன். மாறனுக்குப் பதின்மூன்று மாதம். செப்டம்பர் 14, வியாழக்கிழமை. அவன் காலையில் இட்லியும் பாலும்தான் சாப்பிட்டிருந்தான். செல்வி தங்கள் பட்டறையில் போட்ட கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பிள்ளை முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்தது. பொட்டலத்தின் மேல்காகிதம் அவன் கையில் இருந்தது. “நான் குடுக்கல தாயி, பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல” என்று ஆஸ்பத்திரியில் சத்தியம் செய்தாள். சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் நான் “பொய் சொல்லாதீங்க மதினி” என்றேன். அன்றோடு அவள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அவள் வீட்டுப் பட்டறையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு மணி லாரி ஆபீஸுக்குப் போகிறார்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாறனுக்குச் சளி. பொடி வகையில் 17. சட்னியில் 22.

ஆகஸ்ட் 9, சனி

ரெஜினா மேடத்துக்கு வகைகளின் பட்டியலை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “பிரமாதம். ஒண்ணே ஒண்ணு குறையுது. முத முதல்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அத எழுதியிருக்கீங்களா? இங்க எல்லா அம்மாவும் அதைத்தான் கேக்காங்க. சின்னதா ஏதாச்சும் தெரிஞ்சிருக்கும், நாம காரம்னு நினைச்சிருப்போம், வேர்க்குருன்னு நினைச்சிருப்போம். அப்படி ஒரு பதிவு இருந்தா முதல் வகையா வைங்க.”

நான் எழுதவில்லை என்று சொன்னேன்.

இருந்தாலும் அவர் சொன்னதற்காக ‘முதல் அறிகுறி’ என்று ஒரு வகை திறந்து வைத்தேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் நிற்கிறது. பதிவு இல்லாத வகை வெளியே வாசகர்களுக்குத் தெரியாதாம். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முடித்துவிட்டேன்! பொறுமையாக எல்லாவற்றையும் கூட்டினேன். பழைய சமையல் 96. கடலை இல்லாதவை 117. ஆக 213.

மொத்தம் 214 அல்லவா? ஒன்று குறைகிறது. எங்கேயோ இரண்டு முறை தட்டிவிட்டேனோ என்னவோ. நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண்டுபிடித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

துணி துவைத்தேன். மாறனுக்குச் சளி பரவாயில்லை. மாவு அரைத்தேன். ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் துடைத்தேன், அடியில் இருந்த கம்பித்தட்டையும் எடுத்துக் கழுவினேன். மணி “என்ன, இன்னைக்கு யாரும் வாராகளா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மாறன் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றானாம். டீச்சர் மெச்சிச் சொன்னார்.

சரி. எழுதிவிடுகிறேன்.

பதிவுகளின் பட்டியலுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும். அனைத்தும் 214, வெளியானவை 213, தனிப்பட்டது 1. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, வெளியானவற்றைத் திறந்துதான் தினமும் வகை போட்டேன், மீதியைப் படித்ததே இல்லை. அந்த ‘1’ஐத் தட்டினேன். எழுதிய என்னைத் தவிர யாருக்கும் தெரியாதபடி மறைத்து வைத்த பதிவு. அதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

“வணக்கம் தோழிகளே! இன்றைக்கு ஒரு திடீர்ப் பொடி. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை கால் கிலோ, மிளகாய் வற்றல் எட்டு, பூண்டு ஏழு பல், உப்பு. அவ்வளவுதான்! நம் குட்டி ராஜாவுக்கு வற்றல் போடாமல் தனியாக ஒரு பிடி அரைத்து, நெய்ச் சோற்றில் பிசைந்து இரண்டு வாய் ஊட்டினேன். முதல் தடவை! சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். வாயைச் சுற்றி லேசாகச் சிவந்துவிட்டது, மிக்ஸி ஜாரில் வற்றல் ஒட்டியிருந்திருக்கும் போல. அடுத்த முறை ஜாரைக் கழுவிவிட்டு அரைக்கணும் அம்மணி, ஹா ஹா.”

வெளியான தேதி: செப்டம்பர் 14. காலை 9.41.

மதினி எங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நானே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கத்தினேன்: “பத்தே காலுக்கு வந்தாக, பத்தரைக்கு என் பிள்ள முகம் வீங்கிருச்சு.”

ஆகஸ்ட் 16, சனி

அன்று காலையில் இட்லியும் பாலும்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு அதுதான் ஞாபகம் இருந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது இரண்டு வாய்ச் சோறு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதே பதிவின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. கடைசியாகத் திருத்தியது: செப்டம்பர் 14, மாலை 6.52. கைபேசியிலிருந்து.

மாலை 6.52க்கு, ஊசி போட்டு மூச்சு சீராகி, மாறன் தூங்கிக்கொண்டிருந்தான். மணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தவறிப்போய் விரல் பட்டிருக்கலாம்.

மறைப்பதற்கு மூன்று இடத்தில் தட்ட வேண்டும். இன்று செய்து பார்த்தேன்.

என் கைபேசிக்குப் பூட்டு உண்டு. எண் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நீக்கிவிட்டால் கணக்கு 213 என்று நேராகிவிடும். யாருக்கும் தெரியாது. ‘குப்பைக்கு அனுப்பு’ என்ற வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். மாறன் வந்து, “அம்மா, கப்பல்” என்று காகிதத்தை நீட்டினான். செய்து கொடுத்தேன். பிறகு இன்னொன்று கேட்டான். ஏழு கப்பல் செய்தேன்.

நீக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மணியிடம் சொன்னேன். வாயால் சொல்ல வரவில்லை. கைபேசியை அவர் கையில் கொடுத்து, படியுங்கள் என்றேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

“பத்தே கால்னு நீதான சொன்ன?”

“ஆமா.”

“அக்கா வீட்டு முக்குல எத்தன தடவ வண்டிய மெதுவாக்கியிருப்பேன் தெரியுமா? நிப்பாட்டினா நீ சண்ட போடுவியேன்னு சுத்திட்டுப் போயிருவேன். பட்டறைய விட்டு வரும்போது மச்சான் என் சட்டையப் புடிச்சுக் கேட்டாரு, ‘ஏலே, நீயுமா நம்புத?’ன்னு. நான் பதில் சொல்லல. என்னத்தச் சொல்ல?”

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் அவமானமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு வாய் சோறு ஊட்டுனதுக்கு ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக கோமதி” என்றார். “நானும்தான் ஊட்டியிருப்பேன். இந்த ஊர்ல கடலையக் குடுக்காத வீடு எங்க இருக்கு? ஆனா எங்க அக்காவ…”

“நாளைக்குப் போவோமா?” என்று கேட்டேன்.

“நீ மட்டும் போ. நான் கூட வந்தா, எனக்காக அவ ஒன்ன ஈசியா விட்டுருவா.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

போகவில்லை. வயிற்றுப்போக்கு.

ஆகஸ்ட் 20, புதன்

போகவில்லை. காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

போனேன்.

மாறனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் போனேன். புது வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மதினி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணி மேல் நின்றவரிடம், “அந்த மூலையில வெள்ளை தெரியுது பாருங்க அண்ணாச்சி, கண்ணாடியப் போட்டுட்டு அடிங்க” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. முடியில் நரை கூடியிருக்கிறது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“மதினி, ஒண்ணு படிச்சுக் காட்டணும்.”

“என்னத்த?”

படித்தேன். தேதியும் நேரமும் வரை படித்தேன். அன்று சாயங்காலம் நானே அதை மறைத்ததையும் சொன்னேன். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

“திரும்பப் படி” என்றார்கள்.

திரும்பவும் படித்தேன். ஏணியில் நின்றவர் பிரஷை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“‘ஹா ஹா’ன்னு போட்டிருக்க.”

“ஆமா மதினி.”

“ம்.” இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டார்கள். “எனக்கே சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? நாம பாக்காத நேரத்துல பிள்ள ஒரு துணுக்க எடுத்து வாயில போட்டுருச்சோ, கவனிக்காம விட்டுட்டமோன்னு. ரெண்டு வருசமா அந்தப் பொட்டலத்த மனசுக்குள்ளயே பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கேன். பிள்ள மேல சுத்துன தாளத்தான் உருவுச்சு, உள்ள ஒட்டுன பசை ஒட்டுனபடிதான் இருந்துச்சு. அப்படித்தான் இருந்துச்சா? அப்படித்தான் இருந்துச்சு.”

நான் குனிந்து காலைத் தொடப் போனேன். விலகிக்கொண்டார்கள்.

“அதெல்லாம் வேண்டாம். அன்னைக்கு வராந்தாவுல எத்தன பேரு இருந்தாக?”

“ஒரு பத்துப் பன்னெண்டு பேரு…”

“பதினாலு. அந்தப் பதினாலு பேரும் இருவத்தொம்பதாந்தேதி இங்க வாராக. பால் பொங்கி முடிஞ்சதும் சொல்லு. ஊருக்கு முன்னால ஏசிட்டு, மன்னிப்ப மட்டும் பெயின்டு வாசத்துல வந்து சொல்லிட்டுப் போயிரலாம்னு பாத்தியோ?”

“சொல்லுதேன் மதினி.”

“அழாமச் சொல்லணும். நீ அழுதா எல்லாரும் ஒன்னயத் தேத்த வந்துருவாக, நான் மறுபடியும் பொல்லாதவளாயிருவேன்.”

சிரிப்பு வந்தது எனக்கு. அந்த இடத்தில் போய் சிரிப்பு. அவர்களுக்கும் உதட்டோரம் லேசாகத் துடித்தது. உடனே அடக்கிக்கொண்டார்கள்.

வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல்: “மாறன் நல்லாப் பேசுதானா?”

“நல்லாப் பேசுவான்.”

“என்னயப் பத்தி அவன்ட்ட என்ன சொல்லி வச்சிருக்க?”

“ஒண்ணுமே சொல்லல மதினி.”

“அது அதவிட மோசம்ல” என்றார்கள். பிறகு ஏணியைப் பார்த்துத் திரும்பி, “வாரதா இருந்தா புதன்கிழமைக்குள்ள உறுதியாச் சொல்லு. சமையல் மாஸ்டர்கிட்ட எண்ணெய மாத்தச் சொல்லணும்” என்றார்கள்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். பசித்தது. எத்தனை நாள் கழித்து!

ஆகஸ்ட் 23, சனி

அந்தப் பதிவைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டேன், ‘ஹா ஹா’ உட்பட. மேலே நாலு வரி மட்டும் சேர்த்தேன்: இதை எழுதி ஒரு மணி நேரத்துக்குள் என் மகனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாயைச் சுற்றி வந்த சிவப்புதான் முதல் அறிகுறி. எனக்கு அது தெரியவில்லை. தெரிந்தபோது பயந்துபோய் இதை மறைத்துவிட்டு, தப்பே செய்யாத ஒருவர் மேல் பழியைப் போட்டேன்.

வகை: முதல் அறிகுறி. பூஜ்யம் ஒன்றாகிவிட்டது. 96, 117, 1. கூட்டினேன். 214.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரெஜினா மேடம் எழுதியிருக்கிறார்: “இதைத்தான் கேட்டேன் கோமதி. முதல் வகையா மேல கொண்டு வந்துருங்க.” அகர வரிசைப்படி கீழே போய் நின்றது. முன்னால் இழுத்து வைத்தேன்.

தேனியிலிருந்து ஓர் அம்மா பின்னூட்டம் போட்டிருக்கிறார். அவர் தன் மாமியாரைச் சொல்லியிருந்தாராம். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

மதினிக்குப் போன் செய்து, மூன்று பேரும் வருகிறோம் என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டு, “முந்திரி சேருமா அவனுக்கு?” என்று கேட்டார்கள். சேரும் என்றேன். “கேசரிக்கு” என்று சொல்லிவிட்டு மறுபடி வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விடியற்காலை நாலரைக்கே போய்விட்டோம். மாறன் மணியின் தோளில் தூங்கிக்கொண்டே வந்தான். ஹோமப் புகை, புதுச் சுண்ணாம்பு வாசம், ஆட்கள். அன்று வராந்தாவில் இருந்த எல்லா முகமும் இருந்தது. என்னைப் பார்த்துச் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். ஒரு சித்தி, “அட, வந்துட்டியா!” என்றார். அது வரவேற்பா, கிண்டலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பால் பொங்கியது. குலவை போட்டார்கள். மதினி அடுப்புக்குப் பக்கத்திலிருந்தே என்னைப் பார்த்தார்கள். ஒரு பார்வைதான்.

“எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மணி கையைத் தட்டினார். அப்புறம் கேட்டார்கள்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆஸ்பத்திரியில வச்சு மதினி என் பிள்ளைக்குக் கடலை மிட்டாய் குடுத்துட்டாகன்னு சொன்னேன். பொய் சொல்லாதீகன்னும் சொன்னேன். மதினி குடுக்கல. அவுக வர்றதுக்கு முந்தியே நான்தான் கடலைப் பொடி போட்டுச் சோறு ஊட்டியிருந்தேன். அப்பவே வாய் சிவந்துருச்சு. அன்னைக்குச் சாயங்காலமே அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறைச்சுட்டேன்.”

‘தெரியும்’ என்ற வார்த்தை அப்போதுதான் முதல் முறையாக என் வாயிலிருந்து வந்தது. இந்த நோட்டில்கூட நான் அதை எழுதியிருக்கவில்லை. அழவில்லை.

பிறகு மணியின் சித்தப்பா, அன்று வராந்தாவில் என்னைவிடச் சத்தமாகக் கத்தியவர், “நான் அப்பவே சொன்னேன், செல்வி அப்படிச் செய்யுற பிள்ளை இல்லைன்னு” என்று ஆரம்பித்தார்.

“சித்தப்பா,” என்றார்கள் மதினி, “நீங்க அப்ப என்ன சொன்னீகன்னு எனக்கு ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. பாலக் குடிங்க, ஆறுது.”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்துவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் இரண்டு வருஷம் சுமந்ததை அவர்கள் ஒரு தம்ளர் பாலோடு விழுங்கிவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

மதினியின் வீட்டுக்காரர் மணியின் தோளில் கை போட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ, மணி திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. சட்டைக் காலர் கசங்கியிருந்தது.

மாறன் விழித்துக்கொண்டான். என் இடுப்பில் உட்கார்ந்து புது வீட்டு மின்விசிறிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தான். மதினி எங்களை நோக்கி வந்தவர்கள், பாதியில் திரும்பிக் குழாயடிக்குப் போனார்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்கள். நகக்கண்ணைத் தேய்த்தார்கள். மறுபடியும் சோப்பு எடுத்தார்கள். சேலைத் தலைப்பில் துடைக்கப் போய், என்ன நினைத்தார்களோ, துடைக்காமல் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள்.

“மோந்து பாத்துக்கோ” என்றார்கள். கோபமில்லை, கிண்டலுமில்லை.

நான் மோந்து பார்க்கவில்லை. “மாறா, இது உன் அத்தை” என்று பிள்ளையை நீட்டினேன். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, ஈரக் கைக்குத் தாவினான்.

“போ, பந்தி நிக்கப் போகுது” என்றார்கள் மதினி என்னைப் பார்க்காமலே. அவர்கள் கன்னத்தை மாறன் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

மாடியில் பந்தி. மணிக்குப் பக்கத்தில் இலை கிடைத்தது. மாறன் கீழே எந்த அறையில் இருந்தானோ, என்ன செய்துகொண்டிருந்தானோ, எனக்குத் தெரியாது. சாம்பார் வந்தது, ரசம் வந்தது. கேசரி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். மோர் வரைக்கும் சாப்பிட்டேன்.